மாடிப்படிப் பூட்டு

உக்காரலாமுங்களா மேடம்? டீயெல்லாம் வேண்டாமுங்க, இப்பத்தான் குடிச்சுட்டு வந்தேன். இல்லீங்க, குடிக்கல. காத்தால இருந்து பச்சத்தண்ணி பல்லுல படல. பாருங்க, வந்ததும் வராததுமா ஒரு பொய். இந்த வாயே இப்புடித்தானுங்க.

என் பேரு துளசிமணி. மருதமலை அடிவாரத்துல நம்ம ஊடு. உங்க காலேசுல கடைசி வருசம் நர்சுக்குப் படிக்கற ஆப்பிரிக்காப் புள்ள, முத்தின்டா, நாங்க முத்துன்னு கூப்புடுவோம், எங்க மாடியிலதான் குடியிருக்கா. நீங்க போன மாசந்தான் இங்க பிரின்சிபாலா வந்தீங்களாமா. அதனாலதான் வந்தேன். பழைய பிரின்சிபால் முன்னால வந்து நிக்க எனக்கு மூஞ்சி இல்லீங்க. அவருகிட்ட ஒண்ணு சொல்லி வச்சிருக்கேன், ஆறு மாசத்துக்கு முந்தி.

அவ பிராக்டிகல் பரீட்சைக்கு வரலீன்னு உங்க ஃபைல்ல இருக்கும். தூங்கிட்டா, அலட்சியம்னு எழுதியிருக்கும். அத எழுத வச்சது நாந்தான். முழுசாச் சொல்லிர்றனுங்க. நடுவால நிறுத்தாதீங்க. நிறுத்துனீங்கன்னா நான் எந்திரிச்சுப் போயிருவேன், அப்பறம் வரவே மாட்டேன்.

வந்தப்ப அவளுக்குப் பத்தொம்பது வயசு. ஜாம்பியான்னு ஒரு தேசமாமா. நான் ஆப்பிரிக்கான்னா ஒரே ஊருன்னுதான் நெனச்சிருந்தேன். அப்பன் இல்ல. அம்மா ரோட்டோரம் தக்காளி விக்கறவங்க. இவளுக்குக் கீழ மூணு உருப்படி. சர்ச்சுக்காரங்க படிக்க அனுப்பி வச்சிருக்காங்க. "எங்க கிராமத்துல ஆஸ்பத்திரிக்குப் போகணும்னா அரை நாள் நடக்கணும் ஆன்ட்டி. நான் திரும்பிப் போனா எங்க ஊர்லயே ஒரு நர்ஸ் இருப்பா"ன்னு சொல்லுவா. அதச் சொல்றப்ப மட்டும் நிமிந்து உக்காருவா. மத்த நேரமெல்லாம் தோளக் குறுக்கிட்டுத்தான் நடப்பா. பஸ்ஸுல கேக்காமக் கொள்ளாம போன்ல படம் புடிப்பானுங்க. தெருவுல பொடுசுக பின்னாலயே ஓடி வந்து முடியத் தொட்டுப் பாக்கும். வெயிலே இல்லாட்டியும் குடையப் புடிச்சுட்டுத்தான் போவா, மூஞ்சிய மறைக்கறதுக்கு.

எங்க பக்கத்துல மூணு தெருவுல யாரும் அவளுக்கு ஊடு குடுக்கல. நாந்தான் குடுத்தேன். நான் நெறம் பாக்கற ஆளில்லீங்க மேடம். அவளுக்குன்னு தனியா ஒரு டம்ளர் வச்சிருந்தேன், அது வேற விசயம், அது சுத்தத்துக்காக. துணிய மட்டும் முன்பக்கம் காயப் போடாத, பின்பக்கமாப் போட்டுக்கோன்னு சொன்னேன். ஒருக்கா பாசிப்பயறு மாவும் கஸ்தூரி மஞ்சளும் அரைச்சு டப்பாவுல போட்டுக் குடுத்தேன். "நாப்பத்தெட்டு நாள் தேச்சுக் குளி கண்ணு, கொஞ்சம் தெளிஞ்சு வரும்"னு சொன்னேன். அவ தொறந்து மோந்து பாத்தா. "நல்ல வாசம் ஆன்ட்டி. ஆனா எதுக்குத் தெளியணும்?"னு கேட்டா. நெசமாவே தெரியாமத்தான் கேட்டா. என் மக தாரணிக்கு அதே மாவத்தான் பத்து வருசமாத் தேச்சு உட்டுட்டிருக்கேன்.

நாலு வருசத்துல அந்தப் புள்ள ஆளே மாறிப் போச்சுங்க. கீரை விக்கற மாராத்தாகிட்டப் பேசிப் பேசியே தமிழ் கத்துக்கிட்டா. கத்துக்கிட்டதும் சும்மா தமிழா? எங்க ஊர்த் தமிழு. "ஏனுங்க்கா, நேத்துக் கீரை நெம்ப முத்தலுங்க"ன்னு அவ சொல்றதக் கேட்டு மாராத்தா சிரிச்சு உருண்டுருச்சு. ஒரு நாள் பஸ்ஸுல எவனோ போன நீட்டியிருக்கான். "போட்டோ எடுக்கறதுக்கு முந்தி கேக்கணும்னு உங்க ஊட்ல சொல்லித் தரலீங்களா?"ன்னு இவ தமிழ்லயே கேட்டிருக்கா. பஸ்ஸே திரும்பிப் பாத்துச்சாமா. அந்த ஆளு அடுத்த ஸ்டாப்புல எறங்கிட்டானாமா. அன்னிக்கு ஊட்டுக்கு வந்து அதச் சொல்லிக் காட்டறப்ப அவ மூஞ்சியப் பாக்கணுமே! அதுக்கப்பறம் குடைய மழைக்கு மட்டுந்தான் எடுத்தா.

சோளமாவுல களி கிண்டுவா. அவங்க ஊர்லயும் அதுதான் சோறாமா. கட்டி தட்டாமக் கெளற எங்கூட்டுத் துடுப்பத்தான் குடுத்தேன். அதுக்கு நான் வாடகையா கேட்டேன்? எல்லாம் பாசமாத்தான் இருந்தனுங்க.

எங்க ஊட்டுக்காரருக்குச் சக்கரை. கால்ல புண்ணு வந்து ஆறவே மாட்டேனுட்டுது. விரல எடுக்கணும்னு சொல்லிட்டாங்க. இவதான், "இருங்க அங்கிள், நான் பாக்கறேன்"னு தெனமும் காத்தால எறங்கி வந்து கழுவிக் கட்டுப் போட்டா. முட்டி போட்டு உக்காந்து, அந்தக் கால மடியில தூக்கி வச்சுக்குவா. பெத்த புள்ள தாரணியே மூக்கப் பொத்திட்டு நிப்பா. நானும் அந்தப் பக்கம் திரும்பிக்குவேன். இவ பாட்டுக்கு ஏதாவது பேசிக்கிட்டே கட்டுவா. விரல் தப்பிச்சுது. அவரு இன்னிக்கு நடக்கறாருன்னா அது இவ கை.

சொல்லிட்டேன் பாத்தீங்களா. எனக்குத் தெரியாம இல்லீங்க. எல்லாம் தெரிஞ்சுதான் பண்ணுனேன்.

தாரணிக்கு இருவத்தெட்டு வயசு. மாநிறம். மாநிறத்துக்கும் கொஞ்சம் கம்மி. நாலு எடம் வந்து பாத்துட்டுப் போயிருச்சுங்க. யாரும் மூஞ்சிக்கு நேரா ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. மூக்கு முட்டத் தின்னுட்டு, "பையன் கொஞ்சம் கலரா எதிர்பாக்கறான்"னு தரகருகிட்டச் சொல்லி அனுப்புவாங்க. நாலாவது எடம் போனப்ப எம்புள்ள குளிக்கற ரூமுல தண்ணியத் தொறந்து உட்டுட்டு அழுதுச்சு. பெத்தவளுக்கு எப்புடி இருக்கும்? அஞ்சாவதா இந்த எடம் வந்துச்சு. நல்ல குடும்பம். பையன் பேங்க்குல வேலை. பையனோட சித்தி சாந்தாமணி உங்க ஆபீசுலதான் இருக்காங்க. வெளிய உக்காந்து டைப் அடிச்சுட்டிருக்காங்களே, அவங்களேதான். உள்ள வர்றப்ப, "என்ன சம்பந்தி, இங்க?"ன்னு கேட்டாங்க. பத்திரிகை வெக்க வந்தேன்னு சொன்னேன். அதுவும் பொய்யிதான்.

பொண்ணு பாக்க பொதங்கிழமை பத்து மணிக்கு மேல வர்றோம்னு சொன்னாங்க. முந்தின நாளே நான் முத்துகிட்டச் சொல்லிட்டேன். "கண்ணு, நாளைக்குத் தாரணியப் பாக்க ஒறம்பரை வர்றாங்க. நீ ஒம்பது மணிக்கெல்லாம் கிளம்பிரு." "எனக்கும் நாளைக்குப் பிராக்டிகல் ஆன்ட்டி, பதினோரு மணிக்கு. வெளிய இருந்து பரீட்சை வெக்கறவங்க வர்றாங்க, வருசத்துக்கு ஒருக்காத்தான். நேரமாப் போயிருவேன்"னு சொன்னா. தாரணிக்கு இருக்கறதுலயே நல்ல சீலைய எடுத்து மடிப்பு வச்சுக் குடுத்துட்டுப் போனதும் அவதான்.

அன்னிக்குக் காத்தால பாத்து இவரு கால்ல ரத்தம் கசிஞ்சுது. அவ எட்டரைக்குக் கிளம்பறதுக்குத் தயாரா இருந்தவ. நாந்தான் மாடிக்குப் போய்க் கூப்புட்டேன். நாந்தானுங்க. அவ பைய வச்சுட்டு எறங்கி வந்தா. கழுவி, கட்டுப் போட்டு முடிக்க ஒம்பதரை ஆயிருச்சு. அவ வெள்ளை யூனிபாரத்துல ரத்தம் பட்டிருச்சு. "ஒரு நிமிசம் ஆன்ட்டி, வேற மாத்திட்டு ஓடிர்றேன்"னு மாடிக்கு ஓடுனா.

ஓடி ஒரு நிமிசம் இருக்காது, வாசல்ல கார் வந்து நின்னுருச்சு. பத்து மணின்னு சொன்னவங்க ஒம்பதரைக்கே வந்துட்டாங்க. எங்க மாடிப்படி வெளிப்பக்கம் இருக்குதுங்க. கீழ வந்தா நேரா ஹால் வாசல்ல வந்துதான் எறங்கணும். இவ எறங்குனா எல்லாரும் பாப்பாங்க. பாத்துட்டு அடுத்து என் புள்ளயப் பாப்பாங்க. இந்தூட்டு ஆளுகளே இப்புடித்தானோன்னு... என்னத்தையோ நெனச்சேன் மேடம். நெனைக்கக்கூட இல்ல. கை தானாப் போயிப் படிக்குக் கீழ இருக்கற கிரில் கேட்டச் சாத்திப் பூட்டுச்சு. கொரங்குக்குப் பயந்து போட்ட கேட்டு அது. அவங்க உள்ள வந்து உக்காந்து அந்தப் பக்கம் திரும்புனதும் தொறந்து உட்டுரலாம்னுதான் சாவிய முந்தானையில முடிஞ்சேன்.

அவங்க வாசலப் பாத்தாப்புலயே உக்காந்துட்டாங்க.

கொஞ்ச நேரத்துல கேட்டு ஆடுற சத்தம் கேட்டுச்சு. மெதுவாத்தான் ஆட்டுனா. ரெண்டு தடவ. அப்பறம், "ஆன்ட்டி"ன்னா. சத்தமாக்கூட இல்ல. மாப்பிள்ளையோட அம்மா காப்பிய வாய்க்குக் கொண்டு போனவங்க நிறுத்திட்டு, "மேல யாருங்க?"ன்னு கேட்டாங்க.

அப்ப என் வாயில சனி வந்து உக்காந்துதுங்க. "கொரங்குங்க"ன்னேன். "மலைக் கொரங்கு. மாடியில வந்து ஆட்டிட்டே கெடக்கும்."

அவங்க சிரிச்சாங்க. சாந்தாமணி, "ரெண்டு கல்ல உட்டெறிங்க, ஓடிரும்"னாங்க. "ஆமாமுங்க"ன்னு நானும் சிரிச்சேன்.

எங்க பக்கம் நெசமாவே கொரங்கு வருமுங்க மேடம். வேணும்னா வந்து பாருங்க, போன வாரங்கூட தேங்காயத் தூக்கிட்டுப் போயிருச்சு. அதனாலதான் வாயில வந்துச்சு. வேற எதையும் மனசுல வச்சு நான் சொல்லல, எம்புள்ள மேல சத்தியமா. ஆனா பூனைன்னு சொல்லியிருக்கலாமுல்ல? காத்துன்னு சொல்லியிருக்கலாம். ஏன் பூனைன்னு வரலீன்னுதான் நானும் ஆறு மாசமா யோசிச்சுட்டு இருக்கேன்.

அதுக்கப்பறம் கேட்டு ஆடவே இல்ல. அம்பது தடவ ஆட்டியிருந்தாக்கூட எனக்குத் தாங்கியிருக்கும். போயித் தூங்கிட்டாளாட்டருக்குது, பரீட்சை இன்னொரு நாளா இருக்கும்னு மனசத் தேத்திக்கிட்டேன். பச்சைப் பொய்யி. எனக்கு நானே சொன்னது. தாரணி வந்து நின்னா, அவங்க பேசுனாங்க, பஜ்ஜி கேட்டாங்க, ஜாதகம் பாத்தாங்க. எந்திரிச்சுப் போயித் தொறக்கப் பத்துத் தப்படி இருக்கும். பொண்ணப் புடிச்சிருக்குதுன்னு சொல்லிட்டுப் பன்னெண்டு மணிக்குக் கிளம்புனாங்க.

போயித் தொறந்தேன். கடைசிப் படியில உக்காந்திருந்தா. மாத்துன யூனிபாரம், தொவைச்சு மடிச்ச மடிப்புக் கலையல. பைய மடியில வச்சுக்கிட்டு. எம்போன எடுத்துப் பாத்தா அவகிட்ட இருந்து பதினோரு மிஸ்டு காலு. சைலண்டுல போட்டிருந்தேன். தாரணி போனுக்கும் கூப்புட்டிருக்கா. அத நாந்தான் புள்ளகிட்ட இருந்து வாங்கிப் பீரோவுல வச்சிருந்தேன். "கத்தியிருக்கலாமுல்ல கண்ணு?"ன்னு கேட்டேன். கேட்டேன் மேடம், அவளப் பாத்து! அவ பைய எடுத்துக்கிட்டு மாடியேறிப் போயிட்டா. பின்னால நின்ன தாரணிதான் சொன்னா. "எப்புடிம்மா கத்துவா? கத்துனாலும் கொரங்குன்னுதான நெனப்பாங்க."

பொழுது சாயறப்ப அவ எறங்கி வந்தா. நான் என்னமோ கேக்கப் போறா, திட்டப் போறான்னு கதவோரமா நின்னேன். மூலையில இருந்த மருந்து டப்பாவ எடுத்தா, முட்டி போட்டு உக்காந்தா, இவரு காலத் தூக்கி மடியில வச்சுக் கட்டு மாத்துனா. ரத்தம் நின்னுருச்சான்னு பாக்கத்தான் வந்திருக்கா. முடிச்சுட்டு என்னப் பாத்து இங்கிலீஷுல ஏதோ சொன்னா. எனக்கு வெளங்கல. 'மேடம்'ங்கற ஒரு வார்த்தை மட்டும் வெளங்குச்சு.

அன்னியில இருந்து என்கூட ஒரு வார்த்தை தமிழ் இல்லீங்க. மாராத்தாகிட்டச் சிரிச்சுச் சிரிச்சுப் பேசறா. தாரணிகூட, இவருகூட எப்பவும் போலத்தான். என்னக் கண்டா மட்டும், "எஸ் மேடம், ஓகே மேடம்." மருவாதியாத்தான் பேசறா, ஒரு கொறை சொல்ல முடியாது. ஆன்ட்டின்னு கூப்புட்ட வாயி. எனக்கு வேற யாரும் ஆன்ட்டின்னு கூப்புட இல்லீங்க. ஊட்டக் காலி பண்ணிட்டுப் போயிருப்பா, ஆனா எங்க போவா? யாரு அவளுக்குக் குடுக்கறாங்க?

மறுநாள் பழைய பிரின்சிபால் எனக்குப் போன் பண்ணுனாரு. போன் போட்டுக் குடுத்தது சாந்தாமணி. "சம்பந்தி, ஐயா பேசறாங்களாமா, என்னன்னு தெரியல"ன்னு சிரிச்சுட்டே குடுத்தாங்க. ஐயா கேட்டாரு. "அந்தப் பொண்ண நீங்க பூட்டி வச்சிருந்ததாச் சொல்லுது. உண்மைங்களா?" சாந்தாமணி அந்த ரூமுலயே நிக்கறது எனக்குத் தெரியுது, அவங்க சத்தமும் போன்ல கேக்குது. ஆமான்னு சொன்னா, அவங்களுக்கு அந்தக் கொரங்கு ஆருன்னு தெரிஞ்சுரும். கல்யாணம் நின்னுரும். எம்புள்ள மறுபடியும் தண்ணியத் தொறந்து உட்டுட்டு அழுவும்.

"இல்லீங்கய்யா, புள்ள அசந்து தூங்கிட்டுதுங்க"ன்னு சொன்னேன்.

"அப்ப அந்தப் பொண்ணு பொய் சொல்லுதா?"ன்னு இன்னொருக்கா கேட்டாரு. தப்பிக்க எனக்கு ஒரு வழி குடுத்தாரு மேடம், நல்ல மனுசன். நான், "பயத்துல சொல்லியிருக்கும், சின்னப்புள்ளதானுங்களே"ன்னேன். அவ்வளவுதான். அவள அலட்சியக்காரியாக்குனேன், பொய்க்காரியும் ஆக்குனேன்.

தாரணிக்கு இந்தப் போன் விசயம் தெரியாது. நான் உண்மையச் சொல்லிட்டேன், காலேசுலதான் ஒத்துக்கலன்னு அவளுக்கும் ஒரு பொய்யிச் சொல்லி வச்சிருந்தேன். முத்துவும் அவகிட்டச் சொல்லல. ஏன் சொல்லலன்னு எனக்குத் தெரியும். கல்யாணம் நின்னுரக் கூடாதுன்னு அவளும் பாத்திருக்கா.

அவளுக்கு அடுத்த மாசம் விசா முடியுதாமா. பரீட்சை எழுதலீன்னா நீட்டிக் குடுக்க மாட்டாங்களாமா. பட்டம் இல்லாம, நாலு வருசத்த இங்க உட்டுட்டுப் போகணும். தப்பு அவ மேல இல்லீன்னு காலேசுல இருந்து கடுதாசி போனா யுனிவர்சிட்டியில தனியா ஒரு பரீட்சை வெப்பாங்களாமா. அதுக்கு நாளன்னிக்குக் கடைசி நாளு. இதெல்லாம் அவ எனக்குச் சொல்லல. இவருகிட்டச் சொல்லிட்டிருந்தது காதுல உழுந்துச்சு.

நேத்துக் காத்தால கட்டுப் போட வந்தவ என்னக் கையக் காட்டிக் கூப்புட்டா. பக்கத்துல உக்காரச் சொன்னா. இவரு காலத் தூக்கி எம்மடியில வச்சா. எங்கைய மணிக்கட்டுல புடிச்சு, பஞ்ச எப்புடிப் புடிக்கணும், எங்கிருந்து எங்க தொடைக்கணும், எத்தன சுத்து, எவ்வளவு இறுக்கம்னு ஒவ்வொண்ணாக் காட்டிக் குடுத்தா. "லைக் திஸ், மேடம். ஸ்லோலி." நான் தப்பாக் கட்டுனேன். அவுத்துட்டு மறுபடி கட்டச் சொன்னா. மூணு தடவ. அவ போயிட்டா யாரு கட்டறதுன்னுதான மேடம் எனக்குச் சொல்லித் தர்றா? அவள ஊரவிட்டு அனுப்பற எனக்கு. எனக்குக் கண்ணு தெரியல, தண்ணி முட்டிக்கிச்சு. அவ, "கேர்ஃபுல்"னா. அந்த வார்த்தை எனக்கு வெளங்குச்சு.

இத்தன நாளும், என் புள்ளைக்காகத்தான் பண்ணுனேன்னு சொல்லிச் சொல்லித்தான் நான் சோறு தின்னேன். அவளும் ஒருத்தி பெத்த புள்ளதானுங்களே. தக்காளி விக்கற அந்தம்மாவுக்கு, அவங்க மகளப் பொய்க்காரின்னு சொன்னவ நாந்தான்னு தெரிஞ்சா என்னப் பத்தி என்ன நெனப்பாங்க?

அதான் மேடம். முடிஞ்சுது. நாந்தான் பூட்டுனேன். அவ தூங்கல.

என்னங்க? எழுத்துலயுங்களா? வாயில சொன்னாப் பத்தாதுங்களா, நீங்களே அந்த யுனிவர்சிட்டிக்காரங்களுக்கு ஒரு போன் போட்டு... சரிங்க. சரிங்க. எழுத்துல இல்லாட்டி நாளைக்கே இல்லீன்னு சொல்லிருவேன், என்னைய எனக்குத் தெரியும். ஆனா எனக்குக் கையெழுத்துத்தான் போட வரும். கோர்வையா எழுத வராதுங்க. யாராச்சும் அடிச்சுக் குடுத்தா...

சாந்தாமணியுங்களா? வேற ஆரும் இல்லீங்களா? லீவுங்களா.

சித்த நேரம் இருங்க மேடம், பெல்ல அடிக்காதீங்க. தை பதினஞ்சு கல்யாணம். சீலை எடுத்தாச்சு, பத்திரிகை பாதி குடுத்தாச்சு. எம்புள்ள இந்த ஆறு மாசமாத்தான் கண்ணாடி முன்னால நின்னு பாட்டு முணுமுணுக்கறா. இங்க வந்தத நான் இன்னும் அவகிட்ட ஒரு வார்த்தை சொல்லல. அவளக் கேக்காம...

கேட்டா, போயி உண்மையச் சொல்லும்மான்னுதான் சொல்லுவா, தெரியும். அதனாலதான் கேக்கல.

அடிங்க மேடம், பெல்ல அடிங்க. நான் எந்திரிக்கறதுக்குள்ள அடிங்க.

வாங்க சம்பந்தி. இல்லீங்க, பத்திரிகை வெக்க வரல. இங்க உக்காருங்க, இந்தக் கம்ப்யூட்டர்லயே அடிக்கலாமாமா. நான் சொல்லச் சொல்ல அடிங்க, ஒரு வார்த்தை உடாம. 'பொண்ணு பாக்க வந்த அன்னிக்கு'ன்னு ஆரம்பிங்க. என்னன்னு இப்பக் கேக்காதீங்க சம்பந்தி. அடிக்க அடிக்க உங்களுக்கே தெரியும்.